நாராயண பிள்ளைக்கு மீசை இருந்ததா?

பிள்ளைகளுக்கான வரலாற்றுப் புத்தகத்தில் முதல் சிக்கலைக் கிளப்புகிறவர் பெரும்பாலும் ஓவியர்தான். “தமிழ் வணிகர் நாராயண பிள்ளை 1819 மே மாதம் ராஃபிள்ஸுடன் இந்தியானா கப்பலில் பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்கு வந்தார்” என்று எழுத்தாளர் ஒரே வரியில் எழுதிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடலாம். ஓவியருக்கு அது போதாது. தலைப்பாகையா, மொட்டைத் தலையா? மீசை வைக்கட்டுமா, வேண்டாமா?

1819இல் புகைப்படம் கிடையாது. டாகர் கண்டுபிடித்த முறை பாரிஸில் அறிவிக்கப்பட்டதே 1839இல்தான். அவரை நேரில் பார்த்து வரைந்த படமும் நம் கைக்கு வரவில்லை. 2019இல் சிங்கப்பூர் ஆற்றங்கரையில் ராஃபிள்ஸுக்குப் பக்கத்தில் வைத்த சிலைகூடச் சிற்பியின் மனத்தில் இருந்த முகம்தான். ஆகவே மீசை வைத்தாலும் தப்பில்லை, வைக்காவிட்டாலும் தப்பில்லை. படத்துக்குக் கீழே “இந்த முகம் ஓவியரின் கற்பனை, அவர் உருவப்படம் எதுவும் இல்லை” என்று ஒரு வரி போடாமல் விடுவதுதான் தப்பு. எட்டுப் புள்ளி எழுத்தில் எங்கோ கடைசிப் பக்கத்தில் போட்டால் போதாது, அந்தப் படத்தடியிலேயே வர வேண்டும். ஏழு வயதுப் பிள்ளைக்குக்கூட இது புரியும். அடுத்த பக்கத்தைத் திருப்பியதும் “அப்போ இந்தக் கப்பல்?” என்று கேட்கும். அந்தக் கேள்வி வந்துவிட்டால் புத்தகம் தன் வேலையைச் செய்துவிட்டது.

சிங்கப்பூரில் தமிழில் வரலாறு எழுதுகிறவர்களுக்கு வேறெங்கும் இல்லாத ஒரு நிலைமை உண்டு. இங்கே பிள்ளை வரலாற்றை ஆங்கிலத்தில் படிக்கிறது. தொடக்கநிலை 4இல் சமூகவியல் பாடத்தில் ஜப்பானியர் காலம் வந்துவிடும். உயர்நிலை 1இல் வரலாறு 1299ஆம் ஆண்டிலிருந்து தொடங்கும். அதற்கு மேலே போனால் ஒரு சான்றை வைத்துக்கொண்டு இதிலிருந்து என்ன தெரிகிறது, இதை எழுதியவர் ஏன் எழுதினார், எவ்வளவு நம்பலாம் என்று தேர்வில் கேட்பார்கள். அதே பாடத்தைத் தமிழில் திருப்பிச் சொல்லும் புத்தகத்தைப் பிள்ளை தொடாது. தெரிந்த கதையை, தடுமாறிப் படிக்கிற மொழியில் ஏன் இன்னொரு முறை படிக்க வேண்டும்? தமிழ்ப் புத்தகம் பாடநூல் போகாத இடத்துக்குப் போக வேண்டும். பாடநூலில் ஒரு வாக்கியமாக வருவதை எடுத்து நான்கு பக்கம் நிற்க வேண்டும்.

நிற்கத் தகுந்த ஓர் இடத்தைக் காட்டுகிறோம். இந்தியக் கைதிகள் கட்டிய கட்டடங்களைப் பற்றி நம்மவர்கள் வழக்கமாக எழுதும் வாக்கியம் இது:

“1825ஆம் ஆண்டு பென்கூலனிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்டு, சாலைகள், பாலங்கள், அரசுக் கட்டடங்கள் ஆகியவற்றைக் கட்டுவதற்குப் பயன்படுத்தப்பட்ட இந்தியக் கைதிகளால் எழுப்பப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் 1862இல் அர்ப்பணிக்கப்பட்டது.”

இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் பத்து வயதுப் பிள்ளை “தேவாலயம்” என்ற சொல்லுக்கு வந்து சேர்வதற்குள் மூச்சு முட்டிவிடும். தமிழில் பெயருக்கு முன்னால் எத்தனை எச்சத்தை வேண்டுமானாலும் அடுக்கலாம். பெரியவர்களுக்கு அது வசதி, பிள்ளைகளுக்கு மூட்டை தூக்குகிற மாதிரி. எட்டிலிருந்து பத்து வயதுக்கு எழுதும்போது ஒரு வாக்கியத்தில் இரண்டு எச்சத்துக்கு மேல் வேண்டாம், எட்டு அல்லது பத்துச் சொல்லுக்கு மேலும் வேண்டாம். ஆங்கிலத்தில் பதினைந்து சொல் வாக்கியத்தைப் படிக்கிற பிள்ளைக்குத் தமிழில் பத்துச் சொல்லே அதே கனம். வேற்றுமை உருபு, சாரியை, இடைச்சொல் எல்லாம் சொல்லோடு ஒட்டிக்கொண்டு வருகின்றனவே.

அதைவிடப் பெரிய கோளாறு “பட்டது”. மேலே உள்ள வாக்கியத்தில் நான்கு “பட்ட” இருக்கிறது. யார் கொண்டுவந்தார்கள்? யார் வேலை வாங்கினார்கள்? பட்டது, பட்டது என்று எழுதிக்கொண்டே போனால் வரலாற்றில் யாரும் எதையும் செய்யாதது போல் ஆகிவிடும், எல்லாம் தானாக நடந்தது போலிருக்கும். கையெழுத்துப் பிரதி முடிந்ததும் கணினியில் “ப்பட்ட” என்று தேடிப் பாருங்கள். வந்த இடத்தில் எல்லாம் செய்தவரை உள்ளே கொண்டுவர முடியுமா என்று பாருங்கள். நூறில் எழுபது இடத்தில் முடியும். மீதி முப்பதை விட்டுவிடலாம்.

இப்போது அதே செய்தி:

“1825 ஏப்ரல். சுமத்ராவில் இருக்கும் பென்கூலனிலிருந்து கப்பல் வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி அதில் இந்தியக் கைதிகளை அனுப்பியிருந்தது. அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்கு அருகில் இந்த ஊரின் சாலைகளை அவர்கள்தான் போட்டார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் சுவரையும் அவர்கள்தான் பூசினார்கள். அந்தப் பூச்சில் முட்டை இருந்தது.”

முட்டை என்றதும் பிள்ளை நிற்கும். நாமும் அங்கே நிற்க வேண்டும். கைதிகளின் கண்காணிப்பாளராக இருந்த மக்நேர் 1899இல் வெளியிட்ட நூலில் அந்தப் பூச்சின் சேர்மானத்தை எழுதிவைத்திருக்கிறார். மணல் சேர்க்காத கிளிஞ்சல் சுண்ணாம்பு. முட்டையின் வெள்ளைக்கருவும் வெல்லமும் சேர்த்து அடித்த குழம்பு. தேங்காய் மட்டையை ஊறவைத்த தண்ணீர். இவற்றைக் கலந்து சுவரில் பூசி, காய்ந்த பிறகு வழவழப்பான கல்லால் தேய்த்து, இடையிடையே மாக்கல் பொடி தூவினால் சுவர் பளபளக்கும். மதராஸ் சுண்ணாம்பு என்று இதற்குப் பெயர். செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது என்ன பளபளப்பு என்று விளக்க வேண்டியதில்லை. சிட்டி ஹால் ரயில் நிலையத்துக்கு மேலே இருக்கிற தேவாலயத்துக்கும் அந்தச் சுவருக்கும் ஒரே கைப்பக்குவம் என்பது தமிழ்ப் பிள்ளைக்குச் சொல்லத் தகுந்த செய்தி. வெல்லம், தேங்காய் மட்டை என்று எழுதுகிறபோது தமிழுக்கு ஒரு வசதியும் கிடைக்கிறது. இவை வீட்டுச் சொற்கள். ஆங்கிலப் பாடத்தில் அந்நியமாக நிற்கும் பொருள் இங்கே சமையலறையிலிருந்து வருகிறது.

ஓவியரிடம் திரும்புவோம். காலத்துக்கு ஒவ்வாத பொருள் படத்துக்குள் நுழைவதுதான் இந்த வகைப் புத்தகங்களில் அதிகம் நடக்கும் பிழை. எழுத்தைப் பத்துப் பேர் சரிபார்ப்பார்கள், படத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். 1850இல் நடக்கும் காட்சியில் ரிக்‌ஷா வரக் கூடாது, அது இங்கே வந்தது 1880இல். 1942இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடி இருக்காது, கழகம் தொடங்கியதே 1960 பிப்ரவரியில். மெர்லயன் சிலை ஆற்று முகப்பில் நின்றது 1972இல். ஜப்பானியர் காலத்துக் கடைக்காட்சியில் அவர்கள் அச்சிட்ட வாழைமர நோட்டு இருக்க வேண்டும், சிங்கப்பூர் வெள்ளி 1967இல்தான் வந்தது. இப்படி ஒரு பட்டியலை ஓவியம் தொடங்கும் முன்பே ஓவியரிடம் கொடுத்துவிட்டால் மறுவரைவுச் செலவு பாதியாகும்.

வரைபடம் இதைவிட மோசம். இணையத்தில் கிடைக்கும் இன்றைய சிங்கப்பூர் உருவத்தை எடுத்து அதன்மேல் 1819 என்று எழுதிவிடுகிறார்கள். 1960களில் ஏறக்குறைய 581 சதுர கிலோமீட்டராக இருந்த தீவு இன்று 730ஐத் தாண்டிவிட்டது. அன்று மரீனா பே முழுக்கக் கடல், சாங்கி விமான நிலையம் இருக்கும் மண்ணின் பெரும்பகுதி கடல். தெலுக் ஆயர் சாலையில் 1828இலிருந்து 1830 வரை தென்னிந்திய முஸ்லிம்கள் எழுப்பிய நாகூர் தர்காவின் வாசலுக்கு எதிரே அலையடித்தது. கடல் கடந்து வந்தவர்கள் கரையிறங்கியதும் தொழுத இடம் அது. தப்பான வரைபடத்தில் அந்தத் தர்கா அலுவலகக் கட்டடங்களுக்கு நடுவே, அரைக் கிலோமீட்டர் உள்ளே நிற்கும். அது ஏன் அங்கே இருக்கிறது என்று பிள்ளைக்கு ஒருபோதும் புரியாது. பழைய கரையைக் கனமான கோடாகவும் இன்றைய கரையைப் புள்ளிக்கோடாகவும் ஒரே படத்தில் போடுங்கள். பாதிப் பாடம் அதிலேயே முடிந்துவிடும்.

ஊர்ப்பெயரிலும் தமிழுக்கு ஒரு கையிருப்பு உண்டு. சிராங்கூன் சாலையின் கீழ்ப்பகுதியை அந்தக் காலத் தமிழர் சுண்ணாம்புக் கம்பம் என்றார்கள். அங்கே சுண்ணாம்புச் சூளைகள் இருந்தன. வீரமாகாளியம்மன் கோயிலுக்கும் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்றே பெயர். கிராமத்தைக் குறிக்கும் கம்போங் என்ற மலாய்ச் சொல் தமிழ் வாயில் கம்பமாகிவிட்டது. இப்படி ஒரு பெயரைப் பிரித்துக் காட்டினால் சூளை, கட்டட வேலை, இரு மொழிப் பழக்கம் மூன்றும் வந்துவிடும். தேவாலயச் சுவரின் சுண்ணாம்பைப் படித்துவிட்டு இங்கே வரும் பிள்ளை தானாகவே முடிச்சுப் போட்டுக்கொள்ளும்.

பதின்ம வயதுக்குப் போனால் கனம் மாறும். மறைக்க வேண்டியது குறையும், விளக்க வேண்டியது கூடும். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம்–பர்மா ரயில்பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 415 கிலோமீட்டர், 1943 அக்டோபரில் முடிந்தது. நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் அங்கே வேலை செய்தார்கள், 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் எத்தனை பேர் செத்தார்கள் என்று பார்த்தால் நூலுக்கு நூல் எண் மாறும், சில இடங்களில் இரண்டு மடங்குகூட வித்தியாசம் வரும். நம் எழுத்தாளர்கள் இங்கே செய்யும் தவறு, இருப்பதிலேயே பெரிய எண்ணை எடுத்துப் போட்டுவிடுவது. துயரத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறோம் என்ற நினைப்பு. எண் ஏன் மாறுகிறது என்பதுதான் பதினான்கு வயதுப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய துயரம். போர்க்கைதிகளுக்குப் படைப்பிரிவு இருந்தது, பெயர்ப் பட்டியல் இருந்தது, யார் எந்த நாளில் இறந்தார் என்று குறித்துவைக்க அதிகாரிகள் இருந்தார்கள். தோட்டத் தொழிலாளிக்கு அப்படிப் பட்டியல் வைத்திருந்தவர் யாரும் இல்லை. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக நிற்பது ஒரு சாராருக்குத்தான். கல்லறைப் படத்தைப் போட்டு, எதிர்ப் பக்கத்தில் தொழிலாளர் வரிசைப் படத்தைப் போட்டு, நடுவில் இந்த மூன்று வாக்கியம் போதும். வர்ணனை வேண்டாம்.

அதே காலத்தில் இன்னொரு சிக்கல், கடிகாரம். 1942 பிப்ரவரி 15 மாலை புக்கிட் தீமா ஃபோர்டு ஆலையில் பிரிட்டிஷார் சரணடைந்தார்கள். போர்நிறுத்தம் இரவு 8.30க்கு என்று ஒரு நூல் சொல்லும், 10 மணிக்கு என்று இன்னொன்று சொல்லும். இரண்டும் சரி. முதலாவது சிங்கப்பூர் நேரம், இரண்டாவது தோக்கியோ நேரம். மறுநாளே இங்குள்ள கடிகாரங்களை ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளிவிட்டார்கள். ஆண்டையும் மாற்றினார்கள்: சியோனான் (ஜப்பானியர் சிங்கப்பூருக்கு வைத்த பெயர்) காலத்துத் தாள்களில் 1942க்குப் பதில் 2602 என்றிருக்கும். இதை விளக்காமல் அந்தத் தாளின் படத்தை மட்டும் போட்டால் அச்சுப்பிழை என்றே நினைப்பார்கள். விளக்கினால், ஊரைப் பிடித்தவன் நேரத்தையும் பிடித்துக்கொண்டான் என்று ஒரு பதின்மப் பிள்ளை தானே சொல்லும்.

பெருமை என்ற பொறியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ராஜேந்திர சோழன் சிங்கப்பூரை வென்றான் என்று எழுத நம் கை துறுதுறுக்கும். 1025 வாக்கில் அவன் கடற்படை ஸ்ரீவிஜயத்தைத் தாக்கியது உண்மை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு வென்ற இடங்களைப் பட்டியலிடுகிறது: ஸ்ரீவிசயம், மலையூர், இலங்காசோகம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், நக்கவாரம், கடாரம் என்று போகும். சிங்கப்பூரின் பழைய பெயரான தெமாசெக் அதில் இல்லை. ஆனால் பழைய மலாய் வரலாற்று நூலான செஜாரா மெலாயுவில் ராஜா சூலான் தெமாசெக் வரை படையோடு வருகிறான், சீனாவைப் பிடிக்கப் போகும் வழியில். சீனப் பேரரசர் ஒரு கப்பலில் துருப்பிடித்த ஊசிகளையும், பழம் தொங்கும் மரங்களையும், பல்லில்லாத கிழவர்களையும் ஏற்றி அனுப்புகிறார். சிறுவர்களாகப் புறப்பட்டோம், இந்த ஊசிகள் அப்போது கைப்பருமன் இரும்புக் கம்பிகள், இந்த மரங்களை விதையாகப் போட்டோம் என்று அவர்கள் சொல்ல, சீனா அவ்வளவு தூரமா என்று சூலான் படையோடு திரும்பிவிடுகிறான். எப்பேர்ப்பட்ட கதை! இதைக் கதை என்றே சொல்லுங்கள், தனி நிறத் தாளில், தனி எழுத்துருவில். கல்வெட்டை எதிர்ப் பக்கத்தில் வையுங்கள். இரண்டையும் ஒரே பத்தியில் குழைத்தால்தான் பிள்ளை கெடும். சிங்கப்பூர்க் கல்லுக்கும் இதே விதி. 1843இல் காலனி அரசின் பொறியாளர் ஆற்றுவாயில் வெடிவைத்துத் தகர்த்த அந்தப் பாறையின் ஒரு துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. அதில் இருக்கும் எழுத்தை இதுவரை யாராலும் படிக்க முடியவில்லை. “தமிழாக இருக்கலாம்” என்று ஒரு வரியைச் செருகுவதைவிட, அந்த எழுத்துகளைப் பெரிதாக அச்சிட்டுப் பிள்ளையிடம் விட்டுவிடுவது மேல்.

பேச்சு எழுதும்போது ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளலாம். கற்பனைப் பாத்திரம் என்ன வேண்டுமானாலும் பேசட்டும், பேச்சுத்தமிழிலேயே பேசட்டும். இங்குள்ள பிள்ளைக்கு அது பள்ளியிலும் பழக்கம்தான். வாழ்ந்த மனிதர் வாயில் ஆவணத்தில் இல்லாத சொல்லைப் போட வேண்டாம். கோ. சாரங்கபாணி 1935இல் தமிழ் முரசு இதழைத் தொடங்கியபோது மேசையைத் தட்டி ஏதோ முழங்கியதாக எழுதுவது எளிது. அவர் எழுதிய தலையங்கத்திலிருந்து இரண்டு வரி எடுத்துப் போடுவது கொஞ்சம் கஷ்டம். கஷ்டமானதைச் செய்யுங்கள்.

அச்சுக்கு வருவோம். படக்கதைப் புத்தகம் 32 பக்கம்; தாள் 16 பக்கமாக மடிவதால் 30, 35 என்று கேட்டால் வெற்றுப் பக்கம் வரும் அல்லது செலவு ஏறும். பின்னடித்த புத்தகம் 64 பக்கத்துக்கு மேல் போனால் விரியும், அதற்கு மேல் ஒட்டுக்கட்டு. ஐந்திலிருந்து ஏழு வயதுக்கு 18 புள்ளி, பத்து வயதுக்கு 14, பதின்மருக்கு 12. தமிழில் மேலே புள்ளியும் விசிறியும், கீழே உகரக் கொக்கியும் இருப்பதால் வரியிடைவெளி எழுத்தளவைப் போல ஒன்றரை மடங்காவது வேண்டும். இருபக்கமும் நேராக்கிய பத்தி வேண்டவே வேண்டாம். “கொண்டுவந்தவர்களுக்கெல்லாம்” போன்ற ஒரு சொல் அடுத்த வரிக்கு ஓடினால் முந்தைய வரியில் ஆறு போல வெள்ளை விழும். இடப்பக்கம் மட்டும் நேராக இருக்கட்டும்.

தமிழ் தெரியாத வடிவமைப்பாளர் கையில் கோப்பு போனால் “கொ” “ெகா” ஆகி வரும். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் வேர்ல்டு-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்காததே பெரும்பாலும் காரணம். அவருக்குப் படம் போலத் தெரிவதால் பிழை கண்ணில் படாது. அச்சுக்குப் போகும் பிடிஎஃப்பில் கொ, கோ, கௌ, ஸ்ரீ, க்ஷ வரும் ஒரு பக்கத்தைத் தாளில் எடுத்துத் தமிழ் படிப்பவர் ஒருவர் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். பழைய கட்டுரையை ஒளிவருடி எடுத்திருந்தால் ரகரமும் துணைக்காலும் இடம் மாறியிருக்கும், அதையும் சேர்த்து.

கலைச்சொல்லுக்குக் கடைசியில் அகராதி போடுவது வழக்கம். யாரும் அங்கே போவதில்லை. நீரிணைக் குடியேற்றங்கள், தன்னாட்சி, போர்க்கைதி போன்ற சொற்கள் முதலில் வரும் பக்கத்தின் ஓரத்திலேயே, பள்ளியில் பிள்ளை கேட்ட ஆங்கிலச் சொல்லோடு சேர்த்துப் போடுங்கள். ஆட்பெயருக்கும் அப்படியே. நாராயண பிள்ளையின் பெயர் ஆங்கில ஆவணங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்துக்கூட்டலில் கிடக்கிறது. தேடிப் பார்க்க நினைக்கும் பிள்ளைக்கு எல்லாவற்றையும் கொடுக்காவிட்டால் அது வெறுங்கையோடு திரும்பும்.

“வீட்டில் தாத்தாவிடம் ஜப்பான் காலத்தைக் கேட்டு எழுது” என்ற பயிற்சியை இனி எடுத்துவிடலாம். இன்றைய எழுபது வயதுத் தாத்தா 1950களில் பிறந்தவர். அவரிடம் இருப்பது கம்பத்திலிருந்து அடுக்குமாடிக்கு மாறியது, தேசிய சேவைக்குப் போன முதல் சில அணிகள், தமிழ்ப் பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடியது. 1946இல் தொடங்கிய உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியில் படித்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். கேள்வி சரியாக இருக்க வேண்டும். “அப்போ எப்படித் தாத்தா இருந்துச்சு?” என்றால் “கஷ்டம்தான்பா” என்று முடிந்துவிடும். “கம்பத்து வீட்ல தண்ணி எங்கேருந்து வரும்? யாரு தூக்குவா? எத்தனை நடை?” என்றால் அரைமணி நேரம் வரும். ஜப்பான் காலத்துக்குத் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகள் உண்டு. 1979இல் தொடங்கிய திட்டம் அது, தமிழில் பேசியவர்களின் குரலும் அதில் இருக்கிறது. அதைக் கேட்டு ஒரு பக்கம் எழுதச் சொல்லலாம்.

கடைசிப் பக்கங்களில் ஒன்றை மூலத்துக்கு விட்டுவிடுங்கள். 1887இல் இங்கே வெளிவந்த சிங்கை நேசன் வார இதழின் ஒரு பத்தி போதும், கால் பக்கம். தட்டச்சு செய்து போடாமல் படமாகவே போட வேண்டும். னை, லை, ணை எல்லாம் தும்பிக்கை தூக்கி நிற்கும், றா, னா, ணா மூன்றும் சுருண்டிருக்கும். தமிழ்நாட்டு அரசு 1978இல் மாற்றிய எழுத்துகள் அவை. பக்கத்தில் ஒரு சின்னக் கட்டத்தில் பழைய வடிவமும் புதிய வடிவமும் இருந்தால், தொடக்கநிலை 5 பிள்ளை பத்து நிமிடத்தில் முதல் வரியைப் படித்துவிடும்.